தென்னார்க்காட்டுத் துப்பாக்கிக் கோப்புகள்

1690ஆம் ஆண்டு செப்டம்பரில் தேவனாம்பட்டினத்துக் கோட்டையிலிருந்து ஆங்கிலேயர்கள் பீரங்கி சுட்டார்கள். எதிரில் எந்தப் படையும் நிற்கவில்லை. செஞ்சியில் இருந்த மராட்டியர்களிடம் கிழக்கிந்தியக் கம்பெனி அந்தக் கோட்டையை விலை பேசி வாங்கியிருந்தது. கோட்டையோடு, சுற்றிலும் பீரங்கிக் குண்டு எட்டுகிற தூரம் வரை உள்ள நிலமும் சேர்த்தி என்று பேச்சு. சென்னையில் அப்போது கம்பெனித் தலைவர் எலிஹு யேல். நெடுந்தூரம் சுடக்கூடிய பீரங்கியாகப் பார்த்து அங்கிருந்து அனுப்பினார்கள். ஒவ்வொரு திசையிலும் சுட்டு, குண்டு விழுந்த இடத்தில் எல்லை போட்டார்கள். கடலூரும் பக்கத்துக் கிராமங்களும் அப்படித்தான் கம்பெனியின் கைக்குப் போயின. குண்டு உப்பலவாடி என்ற ஊர்ப்பெயரையும் கடலூருக்குள் இருக்கும் குண்டு சாலையையும் ஊரார் அந்தக் குண்டோடு சேர்த்துத்தான் சொல்வார்கள்.

வயலில் நின்றிருந்தவனிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. எங்கள் மாவட்டத்தில் வெடிமருந்தின் வரலாறு இப்படிக் கேள்வி இல்லாமல் தொடங்கியது. துப்பாக்கி வைத்திருப்பவனைப் பார்த்து "நீ யார், எதற்கு இது" என்று கேட்கும் வழக்கம் எப்போது வந்தது, முதலில் யாரிடம் கேட்டார்கள், இன்று அந்தக் கேள்வியை எவ்வளவு அக்கறையோடு கேட்கிறோம் என்பதைத்தான் எழுத நினைக்கிறேன்.

நான் புவனகிரிக்காரன். 1978இல் வருவாய்த் துறையில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து, துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றேன். சிதம்பரம் தாலுகா அலுவலகத்திலும், பிறகு மஞ்சக்குப்பத்தில் ஆட்சியர் அலுவலகத்திலும் துப்பாக்கி உரிமம் பார்க்கும் சீட்டில் இருந்திருக்கிறேன். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்தபோது என்.சி.சி.யில் பாயிண்ட் டூ டூ ரைபிளில் சுட்டதோடு சரி. அதன் பிறகு துப்பாக்கியைத் தொட்டதெல்லாம் அதன் எண்ணைப் பார்க்கத்தான். அதே பல்கலைக்கழகத்து மாணவர் ராஜேந்திரன் 1965 ஜனவரி 27 அன்று இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். சிதம்பரத்துப் பெரியவர்களிடம் துப்பாக்கி என்று பேச்செடுத்தால் முதலில் அவர் பெயரைத்தான் சொல்வார்கள். ஒரு குண்டு ஒரு ஊருக்கு என்ன செய்யும் என்பதைப் புத்தகம் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய ஊர் இல்லை இது.

பதினெட்டாம் நூற்றாண்டு முழுக்க இந்தக் கரையில் பீரங்கிச் சத்தம்தான். 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்ததும் தேவனாம்பட்டினம் ஆங்கிலேயர்களுக்குத் தலைமையிடம் ஆயிற்று; 1752 வரை அப்படியே இருந்தது. 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி வந்து கோட்டையைப் பிடித்து இடித்தார். 1760இல் ஆங்கிலேயர்கள் கடலூரை மீட்டார்கள். 1782இல் மறுபடி இழந்தார்கள், 1785இல் திரும்பப் பெற்றார்கள். நடராசர் கோயிலும் தப்பவில்லை. ஹைதர் அலியின் படை கோயில் மதிலுக்குள் இருந்துகொண்டது. 1781 ஜூன் 18 அன்று ஆங்கிலேயத் தளபதி அயர் கூட் அதைத் தாக்கித் தோற்றுப் பின்வாங்கினார். ஜூலை 1 அன்று பரங்கிப்பேட்டையில் வென்றார். தேர் ஓடும் வீதிகளில் பீரங்கி வண்டி ஓடியது. அந்தக் காலத்தில் பாளையக்காரர், காவல்காரர், கம்பெனிச் சிப்பாய், நவாபின் ஆள் என்று எவர் கையிலும் துப்பாக்கி இருக்கலாம். எதற்கு என்று கேட்கும் அதிகாரம் யாரிடமும் இல்லை.

முதல் கேள்வி 1801இல் வந்தது. கேள்வியாக வரவில்லை, கட்டளையாக வந்தது. அந்த ஆண்டு ஜூலையில் நவாபோடு செய்த உடன்படிக்கையால் தென்னார்க்காடு கம்பெனியின் நேரடி ஆட்சிக்குள் போயிற்று. அக்டோபர் 24 அன்று மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டார்கள். டிசம்பர் 1 அன்று கவர்னர் எட்வர்ட் கிளைவ் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். தெற்கத்திப் பாளையங்களில் ஈட்டியோ துப்பாக்கியோ யாரும் வைத்திருக்கக் கூடாது, எல்லாவற்றையும் ஒப்படைக்க வேண்டும், மீறினால் மரண தண்டனை. இந்த எட்வர்ட் கிளைவ், 1756இல் தேவனாம்பட்டினத்துக் கோட்டைக்கு கவர்னராக வந்த ராபர்ட் கிளைவின் மகன். அப்பன் துப்பாக்கியால் சேர்த்த நாட்டில் மகன் மற்றவர்களின் துப்பாக்கியைப் பிடுங்கினார். 1816இல் பழைய காவல் முறைகளையும் மாற்றி, கிராம முன்சீப்பை ஊர்ப் போலீசுக்குத் தலைவராக்கினார்கள்.

பிறகு 1857. வடக்கே சிப்பாய்கள் எழுந்த அதே ஆண்டில் ஆயுதங்களைப் பதிவு செய்யவும் உரிமம் கேட்கவும் 28ஆம் எண் சட்டம் வந்தது. 1860இல் 31ஆம் எண் சட்டம். 1878இல் லிட்டன் பிரபு காலத்தில் 11ஆம் எண் சட்டம். உள்நாட்டு மொழிப் பத்திரிகைகளின் வாயை அடைத்த சட்டமும் அதே ஆண்டில்தான். 1878 சட்டத்தில் கசப்பான பகுதி விலக்குப் பட்டியல். ஐரோப்பியருக்கு உரிமம் வேண்டாம். ஆங்கிலோ இந்தியருக்கு வேண்டாம். பட்டம் பெற்ற சில பெரிய மனிதர்களுக்கு வேண்டாம். மஞ்சக்குப்பத்து பங்களாவில் இருக்கும் வெள்ளைக்காரர் காசு கொடுத்தால் துப்பாக்கி அவருடையது. அவருடைய எஸ்டேட்டில் பயிர் காக்கும் குடியானவர் மனு போட்டு, நின்று, கும்பிட்டு, கட்டணம் கட்ட வேண்டும். அவர் எப்படிப்பட்டவர் என்பதை அந்தச் சட்டம் ஆராயவே இல்லை. தோலைப் பார்த்தது, அதோடு முடிந்தது.

1887இல் சென்னை மக்கீஸ் தோட்டத்தில் பத்ருதீன் தியாப்ஜி தலைமையில் கூடிய காங்கிரஸ் மகாசபை இந்தச் சட்டத்தைத் திருத்தக் கோரித் தீர்மானம் போட்டது. 1927இல் நாக்பூரில் மஞ்சர்ஷா அவாரி ஆயுதச் சட்டத்தை எதிர்த்தே ஒரு சத்தியாகிரகம் நடத்தினார். அதே ஆண்டில் சென்னையில் நீல் சிலையை அகற்றக் கோரிய போராட்டத்தில் கடலூர் முதுநகர் அஞ்சலையம்மாள் சிறை போனார். 1857 கிளர்ச்சியைக் கொடூரமாக அடக்கிய படைத்தலைவர்தான் நீல். ஆயுதச் சட்டங்கள் பிறந்ததும் அந்தக் கிளர்ச்சி தந்த அச்சத்தில்தான். 1930இல் காந்தி வைஸ்ராய் இர்வினுக்கு வைத்த பதினொரு அம்சக் கோரிக்கையில், தற்காப்புக்குத் துப்பாக்கி உரிமம் தர வேண்டும், அதை மக்களின் கட்டுப்பாட்டில் வைக்க வேண்டும் என்பதும் ஒன்று. அகிம்சை பேசியவர் ஏன் அதைக் கேட்டார் என்று என் பிள்ளைகள் கேட்டிருக்கிறார்கள். அவர் கேட்டது உரிமத்தை ஒழிப்பதை அல்ல. நம்மை நம்பாத சட்டத்தின் இடத்தில் நாமே நமக்கு வைத்துக்கொள்ளும் சட்டம் வேண்டும் என்றார். 1931 கராச்சித் தீர்மானமும் விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமை என்றுதான் சொன்னது.

எங்கள் மாவட்டத்துக்கு இன்னொரு தனிச் சங்கடம் இருந்தது. கடலூரிலிருந்து வடக்கே கொஞ்ச தூரம் போனால் பிரெஞ்சு மண். அங்கே பிரிட்டிஷ் இந்தியாவின் ஆயுதச் சட்டம் செல்லாது. 1910இல் வ.வே.சு. ஐயர் புதுச்சேரி வந்து சேர்ந்தார். இளைஞர்களுக்குத் துப்பாக்கி சுடப் பயிற்சி கொடுத்தார். அங்கே பழகிய வாஞ்சிநாதன் 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் கலெக்டர் ஆஷைச் சுட்டபோது கையில் இருந்தது பெல்ஜியத்தில் செய்த பிரவுனிங் பிஸ்டல். அதன் பிறகு எல்லையில் கெடுபிடி கூடிற்று. 1918 நவம்பரில் பாரதியார் புதுச்சேரியை விட்டுப் புறப்பட்டுக் கடலூர் அருகே கைதாகி, மூன்று வாரத்துக்கு மேல் கடலூர்ச் சிறையில் இருந்தார். வாஞ்சியின் நோக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனாலும் உரிமக் கோப்பு பார்த்தவன் என்ற முறையில் அந்த வழக்கில் எனக்குத் தெரிவது வேறொன்று. ஒரு நாட்டில் எவ்வளவு கடுமையான சட்டம் இருந்தாலும், பக்கத்தில் அது செல்லாத இடம் இருந்தால் துப்பாக்கி அந்த வழியாக வந்துவிடும்.

சுதந்திரம் வந்து பன்னிரண்டு ஆண்டு கழித்து, 1959இல் நம் நாடாளுமன்றம் புதிய ஆயுதச் சட்டத்தை இயற்றியது. 1962 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 14ஆம் பிரிவில் ஒரு வரி உண்டு: போதிய சொத்து இல்லை என்பதற்காக மட்டும் யாருக்கும் உரிமம் மறுக்கக் கூடாது. முதல்முறை படித்தபோது கண் அங்கேயே நின்றது. 1878இன் அநியாயத்துக்கு நம்மவர்கள் எழுதிய பதில் அது. யாருக்குக் கூடாது என்பதையும் தெளிவாக எழுதினார்கள். வன்முறைக் குற்றத்திலோ ஒழுக்கக்கேடான குற்றத்திலோ தண்டனை பெற்றவருக்கு, தண்டனை முடிந்து ஐந்தாண்டு ஆகும் வரை கூடாது. அமைதியாக இருப்பேன் என்று பிணைப்பத்திரம் எழுதிக் கொடுத்தவருக்கு, பத்திரம் நடப்பில் உள்ளவரை கூடாது. சித்தசுவாதீனம் இல்லாதவருக்குக் கூடாது. குறித்த வயது ஆகாதவருக்குக் கூடாது; இன்று அந்த வயது 21. மறுத்தால் காரணத்தை எழுத வேண்டும். மறுக்கப்பட்டவர் மேல்முறையீடு செய்யலாம். கைக்கு எட்டும் நியாயத்தோடு எழுதிய சட்டம். இதில் சேர்க்க வேண்டியது அதிகம் இல்லை. செய்ய வேண்டியதுதான் அதிகம்.

எப்படிச் செய்தோம் என்று சொல்கிறேன். ஆட்சியருக்கு வரும் விண்ணப்பம் இரண்டு வழியாகக் கீழே இறங்கும். ஒன்று எஸ்.பி., டி.எஸ்.பி. வழியாகக் காவல் நிலையத்துக்கு. மற்றது கோட்டாட்சியர், தாசில்தார், வருவாய் ஆய்வாளர் வழியாகக் கிராமத்துக்கு. இரண்டு அறிக்கையும் தனித்தனியாக மேலே ஏறிவரும். போலீஸ் அறிக்கையில் வழக்கு, முன்விரோதம், நடத்தை. எங்கள் அறிக்கையில் நிலம், பயிர், பங்காளித் தகராறு, துப்பாக்கிக்குச் சொல்லும் காரணம் உண்மைதானா என்பது. இரண்டும் ஒத்துப்போனால் வேலை சுலபம். ஒத்துப்போகாதபோதுதான் உண்மையான விசாரணை ஆரம்பம். கணினி இல்லாத காலம். கோட்டாட்சியர் அலுவலகத்தில், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107, 110 பிரிவுகளில் பிணைப்பத்திரம் எழுதிக் கொடுத்தவர்களின் பதிவேடு இருக்கும். பச்சை அட்டை போட்ட கனத்த நோட்டு. அதைப் பக்கம் பக்கமாகப் புரட்டி, விண்ணப்பித்தவர் பெயரும் தகப்பனார் பெயரும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தலைப்பெழுத்து மாறியிருக்கும், ஊர்ப்பெயர் மாறியிருக்கும். அலுப்பான வேலை. ஆனால் கைத்துப்பாக்கி ஒன்று தவறான கைக்குப் போகாமல் தடுத்தது பலமுறை அந்த நோட்டுத்தான்.

1980 நவம்பர் வரை கிராமத்தில் முன்சீப்பும் கர்ணமும் இருந்தார்கள். அவர்களில் மோசமானவர்களும் உண்டு, நான் மறுக்கவில்லை. பரம்பரைப் பதவியை ஒழித்தது சரிதான். ஆனாலும் ஊரில் யார் எப்படி என்பது அவர்களுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. நான் வேலைக்கு வந்த புதிதில் விருத்தாசலத்துப் பக்கம் ஒரு விண்ணப்பம். கரும்பும் வேர்க்கடலையும் போட்டவர், காட்டுப்பன்றித் தொல்லைக்குத் துப்பாக்கி கேட்டிருந்தார். என்னையும் வருவாய் ஆய்வாளரோடு அனுப்பினார்கள். முன்சீப் வரப்பு வரைக்கும் கூட வந்து பன்றி கிளறிய இடத்தையெல்லாம் காட்டினார். திரும்பும்போது வேப்பமரத்தடியில் நின்று சொன்னார்: "தம்பி, நெலம் இருக்கு, பயிர் இருக்கு, பன்னியும் வருது. எல்லாம் நெசம். ஆனா சாயங்காலம் ஆச்சுன்னா அவரு அவரா இருக்க மாட்டாரு. அதையும் சேத்து எழுதிக்கிடுங்க." போலீஸ் அறிக்கையில் எதுவும் பாதகமாக இல்லை. அவர்மேல் வழக்கே கிடையாது. முன்சீப் சொன்ன ஒரு வரியை வைத்து நான்கு பேரிடம் விசாரித்து எழுதி அனுப்பினோம். உரிமம் மறுக்கப்பட்டது.

இன்னொன்று கிள்ளைப் பக்கம். இறால் குட்டைகள் கடலோரமெங்கும் வந்த காலம். குட்டை வைத்திருந்த ஒருவர் திருட்டுப் பயம் என்று ரெட்டைக்குழல் பன்னிரண்டு போர் துப்பாக்கிக்கு மனு போட்டிருந்தார். வரி கட்டியிருந்தார், வழக்கு இல்லை, பெரிய மனிதர்கள் பரிந்துரை வேறு. நான் வீட்டுக்குப் போனபோது அவர் இல்லை. அவருடைய மனைவி மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு, கதவைப் பிடித்துக்கொண்டே கேட்டார்: "அண்ணே, அவருக்கு எதுக்கண்ணே துப்பாக்கி? கோவம் வந்தா கையில கெடச்சத எடுத்து வீசறவரு. போன தீவாளிக்கு எம் மண்டையில ஆறு தையலு." இதை அவர் சொன்னதாகக் கோப்பில் எழுத முடியாது. கோப்பை நாளை யாரும் பார்க்கலாம். எழுதினால் அந்த அம்மாவுக்கு என்ன நடக்கும்? எழுதாமல் விடவும் முடியாது. அக்கம்பக்கத்தில் நான்கு வீடு ஏறினேன். தையல் போட்டது ஊருக்கே தெரிந்திருந்தது. அந்த வீட்டுப் பெயரே வராமல், அக்கம்பக்கத்தார் வாக்குமூலங்களை வைத்து அறிக்கை கொடுத்தேன். பொருத்தமற்றவர் என்று ஒற்றைச் சொல்லில் எழுதினால் மேல்முறையீட்டில் நிற்காது. நாள், இடம், நடந்தது என்று எழுதினால்தான் நிற்கும், அது நின்றது.

எந்த விண்ணப்பத்திலும் வீட்டுப் பெண்களிடம் கேட்க வேண்டும் என்று விதி எதுவும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு நான் கேட்காமல் வந்ததில்லை. எனக்குப் பின்னால் வந்த பிள்ளைகளுக்கும் அதைத்தான் சொல்லிக் கொடுத்தேன்.

உரிமம் கொடுத்த பிறகும் வேலை முடியாது. வாங்கிய துப்பாக்கியைக் கொண்டுவந்து காட்ட வேண்டும். குழலில் இருக்கும் எண்ணும் உரிமப் புத்தகத்தில் இருக்கும் எண்ணும் ஒன்றா என்று பார்க்க வேண்டும். எண் இல்லாத துப்பாக்கி ஒருவரிடம் இருந்தால், இல்லை என்று நிரூபிக்கும் வரை, எண்ணை அழித்தவர் அவரே என்றுதான் 8ஆம் பிரிவு கருதும். தோட்டா வாங்கினால் கடைக்காரர் புத்தகத்தில் குறித்துக் கையெழுத்துப் போட வேண்டும். புதுப்பிக்க வரும்போது எத்தனை தோட்டா வாங்கினார், எத்தனை மிச்சம் என்று கேட்போம். வங்கிக் காவலுக்குப் போகும் முன்னாள் ராணுவத்தினர் இந்தக் கணக்கைக் கச்சிதமாக வைத்திருப்பார்கள். தேர்தல் அறிவித்தால் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். வங்கிக் காவலர் போன்றவர்களுக்கு மட்டும் விலக்கு. ஒப்படைப்பு நாட்களில் நிலையத்து வராந்தாவில் துணியில் சுற்றிய குழல்கள் வரிசையாகச் சாய்த்திருக்கும். அந்த ஒரு வாரத்தில்தான் மாவட்டத்தில் எத்தனை துப்பாக்கி உயிரோடு இருக்கிறது, யாருடையது காணாமல் போயிருக்கிறது என்பது வெளிச்சத்துக்கு வரும்.

நரிக்குறவர்களைப் பற்றிச் சொல்லாமல் எங்கள் ஊர்த் துப்பாக்கி வரலாறு முழுமையாகாது. சிதம்பரம் ரயிலடியிலும் கோயில் வீதிகளிலும் பாசிமணி விற்கும் அவர்களின் கையில் ஒரு காலத்தில் நாட்டுத் துப்பாக்கி இருந்தது. ஒற்றைக் குழல், வாய் வழியாக நிரப்புவது. கரிமருந்தைக் கொட்டி, நாரைத் திணித்துக் கம்பியால் கெட்டித்து, ஈயச் சில்லையோ பால்ரஸ் குண்டையோ போட்டு, மறுபடி நாரால் அடைப்பார்கள். ஒரு முறை சுட்டால் மறுபடி நிரப்ப நேரம் ஆகும். காடை, கௌதாரி, கொக்கு, நரி, இதுதான் அவர்கள் வேட்டை. அறுவடை முடிந்த வயல்களில் அவர்கள் வந்தால் விவசாயிகள் வரவேற்பார்கள். உரிமப் புத்தகத்தை பிளாஸ்டிக் தாளில் சுற்றித் தகரப் பெட்டியில் வைத்திருப்பார்கள். சோதிக்கப் போனால் கேட்பதற்கு முன்னால் எடுத்து நீட்டுவார்கள்.

1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1991 திருத்தத்துக்குப் பிறகு வேட்டை என்பதே அநேகமாக இல்லை என்றாயிற்று. பறவைகளைக் காப்பது தேவை. அதில் எனக்கு இரண்டு கருத்து கிடையாது. ஆனால் வேட்டையை எடுத்துக்கொண்டவர்கள் அதற்குப் பதிலாக எதையும் அந்த மக்கள் கையில் கொடுக்கவில்லை. ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார்: "சாமி, துப்பாக்கிய நீங்க வாங்கிக்கிட்டீங்க. சோறு யாரு சாமி குடுப்பா?" என்னிடம் பதில் இல்லை. தமிழ்நாட்டின் பழங்குடியினர் பட்டியலில் நரிக்குறவர்களையும் குருவிக்காரர்களையும் சேர்க்கும் சட்டம் 2023 ஜனவரியில்தான் வந்தது. சட்டத்தை நடைமுறைப்படுத்துவதில் நான் கண்ட பெரிய குறை இதுதான்: கடுமையெல்லாம் கூடாரத்தில் இருப்பவரிடம் காட்டுவார்கள், மாடிவீட்டில் தளர்ந்துவிடுவார்கள். தகரப் பெட்டியைத் திறக்கச் சொல்லும் குரல் இரும்பு பீரோவையும் திறக்கச் சொல்ல வேண்டும். 1959 சட்டம் இரண்டுக்கும் ஒன்றுதான்.

கல்வராயன் மலையின் ஒரு பகுதி 1993இல் மாவட்டம் பிரியும் வரை எங்கள் தென்னார்க்காட்டில் இருந்தது. அங்கும் நாட்டுத் துப்பாக்கி பழக்கம். மலையோர மாவட்டங்களில் சமீப ஆண்டுகளாக, தானாகக் கொண்டுவந்து ஒப்படைத்தால் வழக்கு இல்லை என்று போலீசார் சொல்லிப் பார்க்கிறார்கள். ஊர் எல்லையில் வைத்துவிட்டுப் போகிறார்கள் மக்கள். நல்ல முயற்சி.

விசாரணை தளர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவைப் பார்க்கலாம். அங்கே 1993இல் பிரேடி சட்டம் வந்தது. உரிமம் பெற்ற கடைக்காரர், வாங்க வருபவரைப் பற்றி அரசிடம் கேட்டுத்தான் விற்க வேண்டும். 1998 நவம்பர் முதல் அதற்கு நாடு தழுவிய கணினி ஏற்பாடு. மூன்று வேலை நாளில் பதில் வராவிட்டால் விற்றுவிடலாம் என்றும் அதில் இருக்கிறது. 2015 ஜூன் 17 அன்று சார்ல்ஸ்டன் நகரத் தேவாலயத்தில் 9 பேரைக் கொன்றவனுக்குத் துப்பாக்கி அப்படித்தான் கிடைத்தது. அவன்மேல் இருந்த போதைப்பொருள் வழக்கின் தாள் எந்த அலுவலகத்தில் இருக்கிறது என்று தேடி முடிவதற்குள் மூன்று நாள் ஓடிப்போயிற்று. 2017 நவம்பர் 5 அன்று டெக்சாசில் சதர்லண்ட் ஸ்பிரிங்ஸ் தேவாலயத்தில் 26 பேர் இறந்தார்கள். சுட்டவன் விமானப்படையில் இருந்தபோது மனைவியையும் சின்னக் குழந்தையையும் அடித்ததற்காக ராணுவ நீதிமன்றத்தில் தண்டனை பெற்றவன். சட்டப்படி துப்பாக்கி வாங்கவே முடியாதவன். அந்தத் தண்டனையை விமானப்படை பட்டியலுக்கு அனுப்பவில்லை. கடைக்காரர் கேட்டபோது கணினி தடை சொல்லவில்லை. அதைப் படித்த அன்று எனக்குக் கிள்ளையில் மோர் கொடுத்த அம்மாவின் முகம்தான் நினைவுக்கு வந்தது. சுட்டவன் குடும்பத்தின் அடி உதையும் ஒரு தாளில் இருந்தது. தாள் போக வேண்டிய இடத்துக்குப் போகவில்லை.

நம் சட்டத்திலும் அதுபோல ஒரு சந்து இருக்கிறது. 1983 திருத்தத்தில் 13ஆம் பிரிவில் சேர்த்தது. குறித்த காலத்துக்குள் காவல் நிலைய அறிக்கை வராவிட்டால், அதிகாரி விரும்பினால் அதற்காக மேலும் காத்திராமல் உத்தரவு போடலாம். மனுதாரரை ஆண்டுக்கணக்கில் அலைய விடக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் வைத்தது. ஆனால் அறிக்கை வராமல் உரிமம் போவது என்பது கதவைத் தட்டாமல் ஒருவர் கையில் துப்பாக்கியைக் கொடுப்பது. இந்தச் சந்தை அடைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஜம்மு காஷ்மீரில் 2012 முதல் 2016 வரை 2 லட்சத்து 78 ஆயிரத்துக்கும் மேற்பட்ட உரிமங்கள் முறைகேடாக வழங்கப்பட்டதாகச் சி.பி.ஐ. விசாரணையில் வந்தது. அந்த ஊரில் வசிக்காதவர்கள் பெயரிலெல்லாம் உரிமம். 2017இல் ராஜஸ்தான் போலீசார் சிலரைப் பிடித்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அங்கேயும் இதே 1959 சட்டம்தான் இருந்தது. யாரும் வீட்டுக்குப் போய்ப் பார்க்கவில்லை.

இப்போது நடைமுறை எவ்வளவோ மாறியிருக்கிறது. எல்லா உரிமங்களும் தேசியத் தரவுத்தளத்தில் ஏற்றப்பட்டு ஒவ்வொருவருக்கும் தனி அடையாள எண் தரப்படுகிறது. 2016 விதிகள் பாதுகாப்புப் பயிற்சியையும் மருத்துவச் சான்றையும் துப்பாக்கியைப் பூட்டிவைக்கும் உறுதிமொழியையும் கேட்கின்றன. 2019 திருத்தத்தால் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கி மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்தது. உரிமக் காலம் மூன்றாண்டிலிருந்து ஐந்தாண்டாக நீண்டது. கல்யாணத்தில் வானத்தைப் பார்த்துச் சுட்டாலும் இரண்டாண்டு வரை சிறை. முதல் மாற்றத்தை முழுமனதோடு வரவேற்கிறேன். ஐந்தாண்டு என்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஐந்தாண்டில் ஒரு மனிதர் குடிக்கு அடிமையாகலாம், பங்காளிச் சண்டையில் இறங்கலாம், மனம் கலங்கலாம். இடையில் ஒருவர் போய்ப் பார்க்க வேண்டும். இதற்குப் புதுச் சட்டம் வேண்டாம். 17ஆம் பிரிவு எப்போது வேண்டுமானாலும் உரிமத்தை நிறுத்திவைக்கவும் ரத்து செய்யவும் அதிகாரம் தருகிறது.

கடலூர், சிதம்பரம், விருத்தாசலம், காட்டுமன்னார்கோயில் பக்கத்துப் பழைய வீடுகளில் தாத்தா காலத்துத் துப்பாக்கி பரணிலோ மரப்பெட்டியிலோ இன்னமும் இருக்கக்கூடும். உரிமம் பெற்றவர் இறந்துவிட்டால் துப்பாக்கியைக் காலதாமதம் இல்லாமல் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். வேண்டுமென்றால் வாரிசு தன் பெயரில் உரிமம் கேட்டு மனு போடலாம். விதியில் வழி இருக்கிறது. வேண்டாமென்றால் ஒப்படைத்த இடத்திலேயே விட்டுவிடலாம். அடையாள எண் பெறாத பழைய புத்தகம் செல்லாது. இன்னொன்றும் கேட்டுக்கொள்கிறேன். கிராம நிர்வாக அலுவலரோ காவலரோ உங்கள் பக்கத்து வீட்டுக்காரரின் துப்பாக்கி மனுவுக்காக உங்களிடம் விசாரிக்க வந்தால், "நமக்கேன் வம்பு" என்று கதவைச் சாத்தாதீர்கள். உட்காரச் சொல்லி, தெரிந்ததைச் சொல்லி அனுப்புங்கள்.